நிமிராத முகம்: விசாலம் அக்காவின் நினைவாக

போன மாதம், மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் அந்தோணிச் சேட்டன் வந்து சொன்னார். தோப்பும்படியில் எங்கள் வீட்டுப் பின்புறம் உட்கார்ந்து நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய அலுவலகத்தில் பியூனாக இருந்தவர் அவர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நனைந்த தலையைத் துடைக்காமலே நின்றார்.

"செல்வீ, நம்மட விசாலம் சேச்சி போயி."

"எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என் கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்திருக்கிறாள். நெஞ்சு வலி. யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று அவளே தடுத்திருக்கிறாள்.

மட்டாஞ்சேரியில் அந்த மிளகு கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு அவள் விசாலம் சேச்சி. எனக்கு விசாலம் அக்கா. திருப்பூணித்துறையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவாள். நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவள். திருநெல்வேலியிலிருந்து மசாலா வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவள் பேசிய தமிழ் வேறு, நான் பேசிய தமிழ் வேறு. இரண்டுக்கும் நடுவில் மலையாளம் வந்து உட்கார்ந்துகொண்டு எங்களைச் சேர்த்து வைத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது அவள் பத்து வயது மூத்தவள், அந்த மாடி அறையில் எனக்கு எதிர் மேஜைக்காரி.

அந்த மாடி அறை ஞாபகம் இருக்கிறதா? கீழே கிடங்கு. மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மேலே ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று குடியிருந்த வீடு. கம்பெனி முதலாளியான பெரிய சேட் அதை வாங்கியபோது அவர்கள் விட்டுப்போன சாமான்களில் ஒன்று எங்கள் இரண்டு மேஜைகளுக்கும் மேலே சுவரில் தொங்கியது. கண்ணாடி போட்ட ஒரு படம். எண்ணெய் வர்ணம் இல்லை. பாஸ்டல் என்று பிற்பாடு பெயர் தெரிந்துகொண்டேன். நிறச் சாக்குக்கட்டிகளைக் காகிதத்தின் மேல் தேய்த்து, விரலால் இழைத்து வரைவது. ஒரு வெள்ளைக்காரப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் உடுத்தும் சாம்பல் நிறச் சட்டை. மேஜையில் ஒரு கிண்ணம், ஒரு கத்தரிக்கோல். அவளுக்குப் பின்னால் வலப்பக்கம், பழுப்பு நிறத்தில் மூடிய கதவு. வேறு எதுவும் கிடையாது. வரைந்தவர் பெயர் இருந்திருக்க வேண்டிய கீழ்மூலையைப் பூஞ்சை தின்றிருந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், டைப்ரைட்டரில் ரிப்பன் மாற்றிக்கொண்டே நான் சொன்னேன்: "என்னக்கா படம் இது! ஒருத்தி தைக்கிறா. இதைப் போய் யாராவது வரைவாங்களா?"

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு வந்து என் அருகில் நின்றாள்.

"அவசரப்பட்டுப் பாக்காதே. படம் எங்கயும் ஓடிப்போகாது. மனுஷாதான் ஓடிப்போவா" என்றாள். பிறகு, "அவ தனியா இருக்கான்னா நினைக்கறே?" என்று கேட்டாள்.

"படத்துல வேற யாரும் இல்லையே."

"தனியா இருக்கறவ இப்பிடித் தைக்க மாட்டா. கழுத்தைப் பாரு, தோளைப் பாரு. பக்கத்துல ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சுண்டு தைக்கறா. தெரிஞ்சதனாலதான் நிமிர்ந்து பாக்கலை. ஆத்துல அப்பிடித்தானே? யாரு யாரை நிமிர்ந்து பாக்கறா?"

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவள் சொன்னது முழுக்க விளங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அறையில் இன்னும் ஒருவர் இருப்பது போலவே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அவள் கணவரைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளிடம் அதைப் பேச மாட்டார்கள். மணி என்று பெயர். துறைமுகத்தில் நல்ல வேலை. குழந்தை இல்லை என்பது தவிர ஒரு குறையும் இல்லாத குடும்பம் என்று சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, வியாதி இல்லை. காயலில் தேடினார்கள், பம்பாயில் விசாரித்தார்கள், துபாய்க்கு லாஞ்சில் போனவர்களிடம் கேட்டார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. விவரம் தெரியாமல் யாராவது, "வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டுவிட்டால் விசாலம் அக்கா ஒரே பதில்தான் சொல்வாள்.

"வெளியே போயிருக்கார்."

சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இருக்காது. கேட்டவர்கள் அவர் சாயா குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, தலையில் ஒரு துண்டுப் பூ. இவற்றில் எதுவும் ஒரு நாளும் குறைந்ததில்லை.

எழுபதுகள் முடியும் சமயம், ஒரு மழைக்காலம் போன பிறகு, அந்தப் படத்தில் ஏதோ மாறியிருப்பதை அந்தோணிச் சேட்டன்தான் முதலில் கண்டார். ஈரத்திலும் உப்புக்காற்றிலும் படத்தின் பொடி உதிர்ந்து சட்டத்தின் அடியில் மெல்லிய பழுப்புக் கோடாகச் சேர்ந்திருந்தது. உதிர்ந்தது எல்லாம் அந்தக் கதவிலிருந்துதான். கதவு வெளுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு சட்டைக் கை தெரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் தோள் வந்தது. அதற்கடுத்து, கதவின் ஓரத்தைப் பிடித்திருக்கும் விரல்கள். முகம் மட்டும் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு அப்படியே கெட்டியாக நின்றது.

அந்த நாட்களில் அலுவலகம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். கணக்குப் பிரிவிலிருந்து மாடிக்கு ஆள் வருவது நின்றது. சாயா கொண்டுவருபவர் படிக்கட்டிலேயே கிளாஸை வைத்துவிட்டுப் போவார். "ஈ வீட்டில் செத்த ஆளாணு அது" என்று அந்தோணிச் சேட்டன் சிலுவை போட்டுக்கொள்வார். வருகிறவனா, போகிறவனா என்று கீழே ஒரு பெரிய வழக்கே நடந்தது. கை கதவைத் தள்ளித் திறக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, சாத்திக்கொண்டு போகிறது என்றார்கள் மற்றவர்கள். எனக்கும் பயம்தான். விசாலம் அக்கா வராத நாட்களில் நான் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவேன்.

அவள் மட்டும் அந்தப் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, எப்போதும் போல வேலை பார்த்தாள். ஒரு நாள் நான் கேட்டேன்: "உங்களுக்கு என்ன தோணுதுக்கா? வர்றாரா, போறாரா?"

"வரதும் இல்லை, போறதும் இல்லை" என்றாள். "நிக்கறார். நின்னு அவளைப் பாத்துண்டிருக்கார்."

அன்று மாலை, எல்லோரும் போன பிறகு, குடையை எடுக்கத் திரும்பி வந்த நான் அவள் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். கை கண்ணாடியின் மேல் இருந்தது. அந்த வெள்ளை விரல்கள் இருந்த இடத்தில். நான் குடை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

ஊழியர்கள் மாடிக்குப் போக மறுக்கிறார்கள் என்று தெரிந்ததும், பெரிய சேட் தன் உறவுக்காரப் பெண்மணி ஒருவரை பம்பாயிலிருந்து வரவழைத்தார். பழைய படங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். படத்தைக் கீழே இறக்கி மேஜைமேல் கிடத்தினார். காகிதத்தையும் உடுப்பையும் பார்த்து, போன நூற்றாண்டுப் படம் என்றார். பாஸ்டலில் பசை கிடையாது, பொடி காகிதத்தைச் சும்மா பற்றிக்கொண்டு நிற்கிறது, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தைக் கனமாகப் போட்டால் மேலே இருப்பது என்றைக்காவது உதிரத்தான் செய்யும் என்று பொறுமையாக எங்களுக்கு விளக்கினார். வரைந்தவர் முதலில் கதவருகே ஓர் ஆளை வரைந்திருக்கிறார். பிறகு மனம் மாறி, அவர்மேல் கதவை வரைந்து மூடிவிட்டார். அவ்வளவுதான்.

எல்லோருக்கும் நிம்மதி. அப்போது அவர் படத்தின் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியின் உட்புறத்தில் பொடி ஒட்டி, அந்தப் பெண்ணின் உருவம் புகை போலப் பதிந்திருந்தது. இடம் வலம் மாறி, எதிர்ப்பக்கம் பார்த்தபடி, குனிந்த தலையோடு இன்னொருத்தி. "மாதாவே!" என்று அந்தோணிச் சேட்டன் பின்னால் நகர்ந்தார்.

விசாலம் அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த படத்தின்மேல் குனிந்திருந்தாள். பம்பாய்ப் பெண்மணியிடம் இங்கிலீஷில் ஒன்று கேட்டாள். அந்த ஆளை மறைத்த பிறகு, பெண்ணின் முகத்தையும் மாற்றினார்களா?

நல்ல கேள்வி என்று சொல்லி அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். இல்லை என்றார். முகத்தில் ஒரே பூச்சுதான், அடியில் காகிதத்தின் மேடுபள்ளம்கூடத் தெரிகிறது, யாரும் அதைத் தொடவே இல்லை.

விசாலம் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "கேட்டியா செல்வி? அவர் இருந்தப்போ வரைஞ்ச முகம் அது. அவரை எடுத்துட்டா. இவ முகத்தை அப்பிடியே விட்டுட்டா."

அவள் கண்ணில் நீர் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, ஏனென்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அது நடந்து சில மாதங்களில் அவளுடைய மச்சினர், மணியின் தம்பி விசுவநாதன், அலுவலகத்துக்கு வந்தார். சாதுவான மனிதர். மாடிப்படி ஏறி வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் எழுந்தேன். "நீ இரு" என்றாள் விசாலம் அக்கா.

"மன்னி, பொண்ணுக்கு வரன் எல்லாம் தட்டிப் போறது. போன வாரம் ஜோசியரைக் கூப்பிட்டுப் பிரசன்னம் வெச்சுப் பாத்தோம்" என்றார்.

"என்ன சொன்னா?"

"நம்ம ஆத்து வாசல்ல ஒருத்தர் நிக்கறாராம். உள்ளயும் வர முடியலை, போகவும் முடியலையாம். காரியம் பண்ணி அனுப்பணும்னு சொன்னா." குரல் தடுமாறியது. "பன்னண்டு வருஷம் ஆயிட்டா பண்ணலாம்னு சாஸ்திரம் இருக்கு. தர்ப்பையால ஒரு உருவம் பண்ணி... நீங்க மாட்டேன்னா பண்ணலை மன்னி."

அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்த தாளை வெளியே எடுத்து, ஓரத்தைச் சரிசெய்து, மேஜையில் வைத்தாள்.

"பண்ணுங்கோ" என்றாள். "உங்க அண்ணா. உங்களுக்கு உரிமை இருக்கு. பொண்ணு நன்னா இருக்கணும். நான் வந்து உக்காந்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். என் மூஞ்சியில யாரும் கை வைக்கக் கூடாது."

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

திருப்பூணித்துறை வீட்டில் காரியம் நடந்தபோது நான் கூட இருந்தேன். வெளி மனுஷியான நான் எதற்கு என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "அவ என்கூட வந்திருக்கா" என்று அக்கா அதை அடக்கினாள். தர்ப்பை உருவம் ஒரு குழந்தை அளவுதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனதை உள்ளிருந்து பார்த்தோம். நாட்கள் கழிந்து, பெண்கள் செய்ய வேண்டியதைச் செய்யும் நாளும் வந்தது. உறவில் பெரியவள் ஒருத்தி ஈரத்துணியோடு அவளை நோக்கி வந்தாள். விசாலம் அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"வேண்டாம் சித்தி. அவர் இருந்தப்போ வெச்ச பொட்டு. அவர் இல்லைன்னு ஆனதுக்கு இது என்ன பண்ணும்?"

"ஊர் என்னடி சொல்லும்?"

"இத்தனை வருஷமா சொல்லிண்டுதானே இருக்கு."

ஈரத்துணி அந்தக் கையிலேயே நின்றுவிட்டது. கதவுப் பக்கம் நின்றிருந்த விசுவநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட அவளும் கூட நடந்து வந்தாள். கோயில் பக்கத்துத் தெருவில் கூட்டம் இல்லை. அவளாகவே பேச ஆரம்பித்தாள். அத்தனை வருஷப் பழக்கத்தில் மணியைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அன்னிக்குக் காலம்பற நான் அடுக்களையில பயத்தங்காய் நறுக்கிண்டிருந்தேன் செல்வி. 'போயிட்டு வரேன்'ன்னார். 'ம்'ன்னேன். அப்புறமும் போகலை. அடுக்களை வாசல்ல நின்னுண்டிருந்தார். கொஞ்ச நாழி. நிக்கறார்னு எனக்குத் தெரியும். மூச்சுக் கேட்டுது. ஆனா நிமிரலை. எதுக்கு நிமிரணும்? ஆத்துக்காரர்தானே, நிக்கறார். அடுப்புல சாதம் கொதிச்சுண்டிருந்தது. அப்புறம் செருப்புச் சத்தம் கேட்டுது."

பஸ் விளக்கு தெரிந்தபோது அவள் சொன்னாள்: "எப்பிடி நின்னார்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் கேட்டா, போலீஸும் கேட்டா. மூஞ்சி எப்பிடி இருந்தது, கவலையா இருந்தாரா, கோவமா இருந்தாரான்னு. பாத்திருந்தாத்தானே சொல்லுவேன்?"

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் விடுவித்துக்கொண்டு, "ஏறு, இடம் போயிடும்" என்றாள்.

அந்தப் படத்தில் முகம் கடைசிவரை வரவே இல்லை என்பதை அன்றைக்கு பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

விசுவநாதனின் பெண்ணுக்கு அடுத்த வருஷமே கல்யாணம் நடந்தது. அக்கா முன்னால் நின்று ஆரத்தி எடுத்தாள், யாரும் தடுக்கவில்லை. பெரிய சேட் காலமான பிறகு கம்பெனி சுருங்கி, ஒரு நாள் மூடிவிட்டார்கள். சாமான்களோடு படத்தையும் யாரோ ஒரு பழம்பொருள் வியாபாரி எடுத்துக்கொண்டு போனார். சில மாதங்கள் கழித்து ஒரு கடை வாசலில் அதைப் பார்த்துவிட்டு, நான் நேரே திருப்பூணித்துறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். பார்க்க விகாரமாக இருக்கிறது என்றோ என்னவோ, யாரையோ வைத்துக் கதவுக்குப் புதுப் பழுப்பு நிறம் தேய்த்திருந்தார்கள். கையும் இல்லை, தோளும் இல்லை. மூடிய கதவு. ஒருத்தி தைக்கிறாள்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. அவள் காபி ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் மறைச்சுட்டாளா?" என்றாள். பிறகு சிரித்தாள். "மறைக்கட்டும். அடியில இருக்காரே."

வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அந்தப் படம் அப்புறம் எந்த ஊருக்குப் போயிற்றோ தெரியாது. அதை வாங்கியவர்கள் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் அவர்களும் பயப்படப் போகிறார்கள்.

போன மாதம் அந்தோணிச் சேட்டனோடு நான் திருப்பூணித்துறை போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக ஒதுங்கித் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டி உடுத்த வேண்டும். எந்தப் புடவை? பூ வைக்கலாமா? மஞ்சள் பூசலாமா? புருஷனுக்குக் காரியம் ஆகிவிட்டது, எனவே கூடாது என்றாள் ஒருத்தி. அவள்தான் ஒப்புக்கொள்ளவே இல்லையே என்றாள் இன்னொருத்தி. ஈரத்துணியோடு அன்று வந்த அந்தச் சித்தி இப்போது மிகவும் தளர்ந்திருந்தாள். அவளும் தீர்மானமாக ஒன்றும் சொல்லவில்லை.

விசுவநாதனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வந்து மன்னியின் தலைமாட்டில் நின்றார். நெற்றியில் பொட்டு கலையாமல் இருந்தது. ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாளும் காலையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரக்குப் புடவை கட்டுங்கோ, பூ வையுங்கோ" என்றார். "நெத்திப் பொட்டு மன்னியே வெச்சுண்டது. அது அப்பிடியே இருக்கட்டும். மூஞ்சியில கை வைக்கக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கா."

ஒருத்தி அரக்குப் புடவை எடுக்க உள்ளே போனாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்து, விட்ட பிறகு எடுத்தார்கள்.

அவளிடமிருந்து எனக்கு வந்த பொருள் எதுவும் இல்லை. ஒரு பழக்கம் மட்டும் வந்திருக்கிறது. சாயங்காலம் என் கணவர் ஹார்பரிலிருந்து திரும்பும்போது நான் அடுப்படியில் இருப்பேன், அல்லது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். வாசலில் ஆள் நிழல் விழுந்ததும் கையிலிருப்பதை வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி அவர் முகத்தை முழுசாகப் பார்க்கிறேன். களைப்பா, கோபமா, ஒன்றும் இல்லையா என்று பார்த்து வைத்துக்கொள்கிறேன். காலையில் கிளம்பும்போதும் அப்படியே. சாயங்காலம் வந்து நின்றவர், "என்னத்துக்கு இப்படிப் பாக்கே?" என்று கேட்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். அவர் நிலைப்படியிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறார்.

பிறகு உள்ளே வருகிறார்.